கடைமடைக்குத் தண்ணீர் போகிற வழி

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் எங்கள் பக்கத்துப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மரக்கன்று நடுவார்கள். வேம்பு, புங்கன், பூவரசு. நல்ல காரியம்தான், நடட்டும். அதே வாரத்தில் இன்னொரு காரியமும் நடக்கும். கார் சாகுபடிக்காகத் தாமிரபரணியின் பாபநாசம் அணையிலிருந்து ஜூன் முதல் தேதியை ஒட்டித் தண்ணீர் திறப்பது இங்கே வழக்கம். அணையில் இருப்பு இருந்து, மலையில் சாரலும் பிடித்துவிட்டால் அந்தத் தண்ணீர் ஆற்றில் இறங்கி, அணைக்கட்டில் திரும்பி, கால்வாயில் ஓடி, குளத்தில் விழுந்து, மடை வழியாக வயலுக்கு வர வேண்டும். கடைசி வயலான கடைமடை வரைக்கும் வர வேண்டும். இதை யாரும் போட்டோ எடுத்துப் போடுவதில்லை.

சுற்றுச்சூழல், பருவநிலை மாற்றம் என்று பேச்சு வந்தால் காலநிலை மாநாடும் துருவப் பனியும்தான் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருகின்றன. திருநெல்வேலிச் சீமைக்கு அது வருவது தண்ணீர் வழியாகத்தான். வேண்டாத நாளில் கொட்டித் தீர்க்கிறது, வேண்டிய நாளில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. இந்த இரண்டையும் தாங்க நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. குளமும் காலும். (கால் என்றால் எங்கள் பக்கம் வாய்க்கால்.) அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பதுதான் இந்த மண்ணில் நாம் செய்யக்கூடிய முதல் பருவநிலை வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு சேரும் வரை ஓடுகிற தூரம் சுமார் 128 கி.மீ. தான். காவிரியோடு பார்த்தால் சின்ன ஆறு. ஆனால் பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. அடுத்த மாநிலத்தைக் குறை சொல்ல நமக்கு வழியே இல்லை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் மலையில் மழை பிடிப்பதால் இது வற்றாத ஆறு. அதனால்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இந்த எட்டிலிருந்தும் 11 கால்வாய்கள் பிரிந்து, திருநெல்வேலி, தூத்துக்குடி இரண்டு மாவட்டத்திலுமாகச் சுமார் 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன.

எங்கள் ஊர் கன்னடியன் காலில் பிழைக்கிற ஊர். கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் பிரிந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று போகிற கால் அது. அதை வெட்டியதைப் பற்றி இங்கே ஒரு கதை சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், கையில் கிடைத்த பெரும் செல்வத்தை என்ன செய்வது என்று அகத்தியரைக் கேட்டாராம். ஒரு பசு வரும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போ, அது நடக்கிற வழியெல்லாம் கால்வாய் வெட்டு, அது கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு என்றாராம் அகத்தியர். சின்ன வயதில் இதைப் பக்திக் கதையாகத்தான் கேட்டேன். இப்போது கேட்டால் அதற்குள் ஒரு பொறியாளர் பேசுவது காதில் விழுகிறது. மேய்ச்சல் மாடு செங்குத்தாக ஏறாது, செங்குத்தாக இறங்காது. மேட்டைச் சுற்றிக்கொண்டு, சரிவு தெரியாமல் நடக்கும். தண்ணீர் அரிக்காமலும் தேங்காமலும் ஓட வேண்டும் என்றால் கால்வாயும் அப்படித்தான் போக வேண்டும். லெவல் பார்க்கும் கருவி வருவதற்கு எத்தனையோ காலம் முன்னால் இந்தக் கணக்கு இந்த ஊரில் தெரிந்திருக்கிறது.

குளம் என்பது தனியாக ஒரு பள்ளம் இல்லை. மேலே ஒரு குளம் நிறைந்தால் அதன் மறுகால் (மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். அது நிறைந்தால் அதற்குக் கீழே. கடைசியில் மிச்சம் ஆற்றுக்கோ ஓடைக்கோ திரும்பும். கால்வாய்க் குளத்துக்கு ஆற்றுத் தண்ணீர் வரும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து மானாவாரிக் குளத்துக்கு மழைதான் கதி. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். பெருமழை வரும்போது வெள்ளத்தின் வேகத்தை வாங்கி நிறுத்துவது, மழை நின்ற பிறகு அதே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. நடுவே தரைக்குள் இறங்குகிற தண்ணீரில்தான் ஊர்க் கிணறுகளும் ஆழ்துளைக் கிணறுகளும் ஊறுகின்றன. தமிழ்நாடு முழுக்கச் சுமார் 39,000 பாசனக் குளங்கள் இருப்பதாகக் கணக்கு. இந்த வறட்சிக்கும் இந்த வெள்ளத்துக்கும் இப்படி ஒன்றைப் புதிதாகக் கட்டச் சொன்னால் எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சியோடு கரையில் நடந்து நடந்துதான். வயது எழுபதைத் தாண்டியவர். எந்த மடையை எத்தனை விரல் தூக்கினால் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் போய்ச் சேரும் என்பது அவருக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் களத்தில் நெல் அளக்கும்போதே நீர்ப்பாய்ச்சிக்கு உரியதை அளந்து வைத்துவிடுவார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வந்து, நெல் வயலிலேயே லாரி ஏறிவிடுகிறது. அவருக்குச் சேர வேண்டியது பல வீட்டில் மறந்தே போகிறது. அவருக்குப் பின்னால் இந்த வேலைக்கு யாரும் இல்லை. இதைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

ஒரு கார் பருவத்தில் காலில் தண்ணீர் நிறையப் போகிறது, குளத்தில் ஏறுகிறது, ஆனால் கீழ்ப்பற்று வயல்களுக்கு வரவில்லை. அண்ணாச்சி மடைக்குள் இறங்கினார். ஷட்டரைத் தூக்கும் திருகுக் கம்பியில் என்னவோ சுற்றிக் கிடந்தது. கையால் இழுக்க வரவில்லை. அரிவாளால் அறுத்து அறுத்து வெளியே எடுத்துப் போட்டார். சேலை. பச்சை நிறம் கூட மங்கவில்லை, ஓரத்து ஜரிகை அப்படியே இருந்தது. அதற்குள் ஒரு வேட்டி, ஒரு சட்டை, இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், குழந்தைக்குக் கட்டும் டயாப்பர் ஒன்று நீரில் ஊதித் தலையணை போல. எல்லாவற்றுக்கும் நடுவே அமலைச் செடியின் (ஆகாயத் தாமரை) வேர் பின்னிக்கொண்டு ஒரே திரளாக இறுகியிருந்தது. வெளியே எடுத்ததும் மடை வாயில் தண்ணீர் ஒரு சுழி சுழித்து உள்ளே பாய்ந்தது.

“பாவம் தொலையணும்னு யாரோ ஆத்துல விட்டுட்டுப் போயிருக்காவ தம்பி. அது இங்கன வந்து நம்ம மடையச் சுத்திக்கிட்டு கெடக்கு” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அந்தச் சேலை எங்கிருந்து வந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பாபநாசத்துக்குப் பரிகாரம் செய்யவும் திதி கொடுக்கவும் வருகிறவர்கள் குளித்துவிட்டு உடுத்தியிருந்த துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் டன் கணக்கில் அள்ளியிருக்கிறார்கள், அள்ள அள்ள வருகிறது. அந்தக் காலத்தில் அது பருத்தித் துணியாக இருந்திருக்கும், சில மாதத்தில் மக்கியிருக்கும். இன்றைக்கு வருவது பாலியஸ்டர், அதாவது இழையாக நூற்ற பிளாஸ்டிக். அது மக்காது. நைந்து நைந்து நூலாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகத் தண்ணீரோடு போகும். அந்தத் தண்ணீரைத்தான் இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் குடிக்கக் கொடுக்கிறோம். முன்னோருக்கு நீர்க்கடன் செய்கிற இடத்தில் நீரையே கெடுத்தால் அந்தக் கடன் எப்படித் தீரும்? வழக்கத்தை விடச் சொல்லவில்லை. குளித்து எழுந்த துணியைக் கரையில் வைத்திருக்கும் தொட்டியில் போடலாம். அதற்கு எந்தச் சாஸ்திரமும் தடை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் அடுத்த முறை பாபநாசம் வரும்போது இதை மட்டும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள்.

துணியை விடப் பெரிய துன்பம் சாக்கடை. சுத்தமல்லியில் பிரிகிற நெல்லைக் கால்வாயும் பழவூரில் பிரிகிற பாளையங்காலும் நகரத்துக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் நிறம் மாறிவிடுகின்றன. மேலப்பாளையம் தாண்டிப் பாளையங்காலைப் பார்த்தவர்களுக்கு நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றில் கழிவு கலப்பது பற்றிய வழக்கில் 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுக் கழிவுநீரைக் காலில் விடுவதற்கு ஒரு குழாய் பதித்தால் போதும் என்று எத்தனையோ வீடு கட்டும்போதே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தக் குழாயின் மறுமுனையில் ஒரு குளம் இருக்கிறது, குளத்துக்குக் கீழே ஒரு வயல் இருக்கிறது, அந்த நெல் திரும்பவும் அவர்கள் வீட்டுக்கே வருகிறது.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. புயல் என்று எதுவும் இல்லை. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டலச் சுழற்சி, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அந்த ஊருக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை விட அதிகம் அது. எங்கள் மாவட்டத்து மூலைக்கரைப்பட்டியில் 60 செ.மீ.க்கு மேல். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையமும் கலெக்டர் ஆபீஸும் தண்ணீருக்குள். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள், அன்றைக்கு ஆறுதான் பொங்கியது, இப்போது நாலா பக்கமும் பொங்குகிறது என்றார்கள்.

அன்று இரவு எங்கள் ஊர் ஆட்கள் கரையில்தான் இருந்தோம். தேக்கி வைக்கும் ஆசையில் மறுகாலில் அடுக்கியிருந்த மணல் மூட்டைகளை மாலையிலேயே எடுத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி. பிசான நடவு முடிந்திருந்த சமயம், தண்ணீரை வீணாக விடுகிறோமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காது கொடுக்கவில்லை. மூட்டைகளைத் தூக்கியதும் மறுகால் முழு அகலத்துக்கும் பாய ஆரம்பித்தது. விடிய விடிய டார்ச் அடித்துக்கொண்டு கரையின் பின்பக்கச் சரிவைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். எங்கே கசிகிறதோ அங்கே உடனே மண்மூட்டை. கசிகிற தண்ணீர் தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று பொருள். அதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். எங்கள் கரை நின்றது. கீழே அடுத்த ஊர்க் குளம் உடைந்தது.

அது ஏன் உடைந்தது என்று பிறகு போய்ப் பார்த்தோம். கரை பலவீனமானது இல்லை. மறுகால் ஓடையின் பாதியில் மண் அடித்து மனைக் கல் ஊன்றியிருந்தார்கள். மூன்று ஆள் அகலத்துக்கு ஓடை சுருங்கியிருந்தது. வெளியே போக வழியில்லாத தண்ணீர் கரையை ஏறித் தாண்டியது. மண்கரை மேல் தண்ணீர் ஏறிவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்த மனையை விற்றவர் நல்ல விலைக்குத்தான் விற்றிருப்பார். வாங்கியவர் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார், அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓடைப் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருக்கிற நிலத்தைக் கண்டும் காணாமல் விட்டவர்கள்தான் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இப்படிப் பெருமழை முன்பு பெய்யவே இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பெய்திருக்கிறது. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்குகிற ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். இது பள்ளிக்கூட இயற்பியல். தொழிற்புரட்சிக்கு முன்பிருந்த நிலையோடு பார்த்தால் பூமியின் சராசரி வெப்பம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் கூடிவிட்டது. கடலும் சூடாக இருக்கிறது. மேகம் முன்னைவிட அதிகம் தூக்கிக்கொண்டு வருகிறது, வந்த இடத்தில் மொத்தமாகப் போட்டுவிடுகிறது. நடுவில் வருகிற வெயில் நாட்களில் மண்ணிலிருந்து ஈரத்தை முன்னைவிட வேகமாக உறிஞ்சவும் செய்கிறது. வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரண்டு முகம். ஒரே வருஷத்தில் இரண்டையும் பார்க்கிற காலத்துக்கு நாம் வந்துவிட்டோம். புகைபோக்கியில் வருவதைக் குறைக்க உலகம் பாடுபடட்டும், நாமும் நம் பங்குக்குச் செய்வோம். பணகுடி, ராதாபுரம் பக்கம் வரிசையாக நிற்கிற காற்றாலைகள் அந்த வேலையில் சேர்ந்தவைதான். ஆனால் ஏற்கெனவே ஏறிவிட்ட சூட்டுக்கு நம் ஊரில் தாங்கு இருக்க வேண்டும். அந்தத் தாங்குதான் குளம்.

அரசும் பெரிய அளவில் ஒன்று செய்திருக்கிறது. கன்னடியன் அணைக்கட்டிலிருந்து வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட பகுதிக்குக் கொண்டுபோகச் சுமார் 75 கி.மீ. நீளத்தில் வெள்ளநீர்க் கால்வாய். 2009இல் தொடங்கி வெகுகாலம் இழுத்த வேலை. கடலுக்குப் போகிற தண்ணீர் தேரிக்காட்டுப் பக்கம் போவது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் அந்தக் கால்வாயும் கடைசியில் தண்ணீரைக் கொண்டுபோய் விடப்போவது குளங்களில்தானே? குளம் தூர்ந்து கிடந்தால் பெரிய கால்வாயால் என்ன பயன்?

தூர் என்றதும் வண்டல். ஆற்றுத் தண்ணீர் கொண்டுவருகிற வண்டல் குளத்தில் படிந்து கொள்ளளவு குறைகிறது. கோடையில் அதை அள்ளி வயலில் போடுவது பழைய வழக்கம். வயலுக்கு உரம், குளத்துக்கு ஆழம். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் குளத்து வண்டலை இலவசமாக எடுக்கச் சட்டப்படி அனுமதி உண்டு. எங்கள் பக்கத்துக் காருகுறிச்சியில் பானையும் கடமும் வனைகிறவர்களுக்குக் குளத்து மண் இல்லாமல் தொழிலே இல்லை. ஆனால் அனுமதி விவசாயி பெயரில், லாரி போவது செங்கல் சூளைக்கு என்பது நடக்கிறது. வண்டலை எடுத்ததற்கும் மண்ணைக் கொள்ளையடித்ததற்கும் வித்தியாசம் கண்ணால் பார்த்தாலே தெரியும். வண்டல் எடுத்த குளம் சமமாக இருக்கும். கொள்ளை போன குளத்தில் அங்கங்கே கிணறு மாதிரி பள்ளம், மாடும் பிள்ளைகளும் விழுந்து சாகிற பள்ளம். ஊர்க்காரர்கள் கரையில் நின்று பார்த்தால் மட்டுமே இது நிற்கும்.

கரையில் என்ன நடலாம் என்று கேட்டால் நான் பனை என்பேன். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். கொட்டையை எடுத்து ஒரு முழம் பள்ளத்தில் போட்டு மூடினால் போதும். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி வேண்டாம், ஆடு கடிக்காது. முளை மேலே வராது, முதலில் கீழே இறங்கும். மூன்று நான்கு மாதத்தில் தோண்டினால் அதுதான் பனங்கிழங்கு. தோண்டாமல் விட்டால் வெகுநாள் கழித்து ஒற்றை ஓலை தரைக்கு மேலே எட்டிப் பார்க்கும். அதன் சல்லி வேர்க்கட்டு மண்ணை அப்படிப் பிடித்துக்கொள்ளும். காய்ப்புக்கு வரப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும் என்பதால் நட்டவருக்கு அவசரமாகப் பலன் இல்லை. ஜூன் 5 போட்டோவுக்கும் அது உதவாது, மண்ணுக்குள் போட்ட கொட்டையைப் படம் எடுக்க முடியாதே. ஆனால் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுதான் பிடித்த வேலையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாக்கில் கொட்டை பொறுக்கி வந்து கரை முழுக்க ஊன்றுகிறார்கள். பதநீர்க் காலத்தில் ஓலைப் பட்டையில் பதநீரும் நுங்கும் வாங்கிக் கொடுத்தால் போதும், அதுவே அவர்களுக்குச் சம்பளம். அந்தப் பட்டையைக் குடித்த இடத்திலேயே போட்டால் ஆடு தின்றுவிடும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும் கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் டம்ளர் அடுக்குகிற நாம், கையெட்டும் தூரத்தில் இருக்கிற பனையை மறந்துவிட்டோம்.

தண்ணீர் வந்த பிறகு அதை எப்படிச் செலவழிக்கிறோம் என்பது அடுத்த பிரச்சினை. மேல்மடை வயலில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிறுத்தினால்தான் நெல் விளையும் என்று இன்னும் நம்புகிறோம். “மேமடையில தவக்கா நீந்துது, கடமடையில தரை வெடிச்சுக் கெடக்கு. நான் எங்கன போயி நிக்கது, சொல்லுங்க தம்பி” என்று அண்ணாச்சி ஒவ்வொரு பருவத்திலும் கேட்பார். நம் ஆட்கள் சொன்ன வழிதான் இதற்குத் தீர்வு: காய்ச்சலும் பாய்ச்சலும். இப்போது அதற்கு எளிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஓட்டை போட்ட ஒரு பிவிசி குழாயை வயலில் பதிக்க வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும் வரை பாய்ச்ச வேண்டாம், இறங்கியதும் பாய்ச்சலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் மிச்சம், விளைச்சல் குறைவதில்லை. இன்னொன்றும் உண்டு. எப்போதும் தண்ணீர் நிற்கிற சேற்றில் காற்று புகாமல் ஒருவகை நுண்ணுயிர் மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடேற்றுகிற வாயு அது. வயலை நடுநடுவே காயவிட்டால் அது கணிசமாகக் குறைந்துவிடும். உலக மாநாட்டில் பேசுகிற மீத்தேனும் எங்கள் கடைமடைத் தகராறும் ஒரே குழாயில் தீர்கின்றன என்று தெரிந்த நாளில் எனக்கு இருந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமில்லை. மேல்மடையில் மூன்று வயல்காரர்கள் இதற்கு ஒப்புக்கொண்டார்கள். மற்றவர்கள் அவர்கள் வயலைத் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

குளம் நன்றாக இருக்கிறதா என்று பறவைகள் சொல்லிவிடும். கூந்தன்குளம் எல்லோருக்கும் தெரியும். 1994இல் சரணாலயமாகி, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த குளம். மங்கோலியா, திபெத்துப் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வருகிறது. ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூழைக்கடாவும் நாரையும் கூடு கட்டுகின்றன, அவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை அந்த ஊர்க்காரர்கள். தாமிரபரணியோடு கடனாநதி சேருகிற திருப்புடைமருதூர் அவ்வளவு பேருக்குத் தெரியாது. கோயிலை ஒட்டி நிற்கிற மருதும் இலுப்பையும் முழுக்கக் கூடுகள். 2005இல் இந்தியாவின் முதல் காப்பு வாழிடமாக அறிவித்த இடம் அது. வனத்துறை வேலி போட்டுக் காக்கவில்லை, ஊரே கேட்டு வாங்கிய பாதுகாப்பு. இந்தப் பறவைகளுக்கு இரை நம் சாதாரணக் குளங்களில்தான் கிடைக்கிறது. 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவள காப்பு மையத்தார் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவை கணக்கெடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். விடிகாலையில் ஒரு குளக்கரையில் நின்று தாமரைக்கோழியையும் நாமக்கோழியையும் எண்ணிய பிள்ளை, அப்புறம் அந்தக் குளத்தில் குப்பை கொட்ட விடாது. நான் இதை எங்கள் ஊரிலேயே பார்க்கிறேன்.

ஊர் என்ற அளவில் நாங்கள் இப்போது செய்வது கொஞ்சம்தான். தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வைகாசியில் ஒருமுறை, பிசானத்துக்கு முன்னால் புரட்டாசியில் ஒருமுறை, எங்கள் எல்லைக்குள் வருகிற வாய்க்காலை நாங்களே வெட்டிச் சீர் செய்கிறோம். வீட்டுக்கு ஓர் ஆள், வர முடியாதவர்கள் ஒரு நாள் கூலி. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கூலியோடு டீச் செலவும் அனுப்புகிறார்கள். நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சிக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று பணமாக ஊர்க் கணக்கிலிருந்தே கொடுப்பது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அவரோடு இரண்டு இளவட்டங்களைச் சேர்த்து மடை பழக்க வேண்டும் என்பது அடுத்த பேச்சு. பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண்பிள்ளை, நான் வரலாமா என்று அண்ணாச்சியிடமே போய்க் கேட்டிருக்கிறாள். அவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு வரச் சொல்லிவிட்டார்.

ஓடையை மீட்கிற வேலை இதைவிடக் கடினம். அதற்குச் சத்தம் போட்டால் போதாது, காகிதம் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் வரைபடமும் நில விவரம் எழுதிய அ-பதிவேடும் இருக்கும். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம் உண்டு. அதில் ஓடை எத்தனை மீட்டர் அகலம் என்று கோடு போட்டுக் காட்டியிருக்கும். அதையும் தரையில் இருப்பதையும் வைத்துப் பார்த்தால் எது எங்கே போனது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோடையில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி (வருவாய்க் கணக்குத் தணிக்கை) நடக்கும்போது நேரில் மனு கொடுத்து, எல்லைக்கல் ஊன்றி அளந்து தரச் சொல்லலாம். எங்கள் குளத்தின் மறுகால் ஓடைக்கும் உடைந்த குளத்தின் ஓடைக்கும் சேர்த்து, இரண்டு ஊரும் கையெழுத்துப் போட்ட மனு தயாராக இருக்கிறது. அந்த மனையை வாங்கி வீட்டுக் கடன் கட்டுகிறவரும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவருக்கு மாற்று இடம் கேட்டு ஒரு பத்தியை அவரே சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டோம்.